ஓட்டக்காரி யசோதரா

செய்தி வந்தபோது விடிகாலை ஐந்தே கால். யசோதரா தன் ஆஸ்துமாப் பம்பைக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள், கடையில் தேங்காய் வாங்குகிறவர்கள் ஆட்டிப் பார்ப்பதைப்போல. உள்ளே மருந்து எவ்வளவு மிச்சம் என்பதை அந்தச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவள் நம்பிக்கை. அப்படியெல்லாம் முடியாது என்று மருந்துக்கடைப் பெண் பலமுறை சொல்லிவிட்டாள். யசோதரா கேட்டதில்லை. ஆட்டினாள், காது கொடுத்தாள், திருப்திப்பட்டாள், வாயில் வைத்து நிதானமாக இரண்டு இழுப்பு இழுத்தாள். திருவொற்றியூரில் கடலைப் பார்த்தபடி நிற்கும் டீக்கடையின் பெஞ்சில் பம்பை வைத்துவிட்டு ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தபோது போன் அடித்தது. ரோஷன். அவள் வேலை செய்யும் ஆலையில் வெல்டிங் பகுதிக்காரன். ஆலையின் ஓட்டக் குழுவில் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு ஓட வருகிறவன்.

"யக்கா... ஜெகாண்ணன் எர்ணாவூர் பாலத்தாண்ட வுழுந்து கெடந்தாருக்கா. ஆட்டோல போட்டு இட்னு போனாங்க. வழியிலயே பூட்டாருன்றாங்கக்கா."

மருந்து நெஞ்சுக்குள் இறங்கி வேலை செய்யக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை ஓடக் கூடாது. ஆறு வருடமாக அவள் இந்த விதியை மீறியதில்லை. அன்றைக்கு மீறினாள். ஆஸ்பத்திரி வாசல் வரை ஓடினாள். பம்பு டீக்கடை பெஞ்சிலேயே கிடந்தது. கடைக்காரர் எடுத்துப் பால் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்து மறுநாள் கொடுத்தார்.

அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற ஓட்டக்காரர்கள் அந்த நேரத்தில் கை காலை உதறுவார்கள், காதில் பாட்டை மாட்டிக்கொள்வார்கள். யசோதரா திட்டுவாள். பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி, முதல் நாள் நடந்த அக்கிரமங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் திட்டுவாள். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ரோட்டை அடைத்தது, குழாயில் இரண்டு நாளாகக் கறுப்பாகத் தண்ணீர் வந்தது, கேன்டீனில் சாம்பாரில் மிதந்தது இன்னது என்று தெரியாமல் போனது. "கேட்டா, இன்னாமா பெரிய மேட்டரு ஆக்கறன்றான். சின்ன மேட்டரா வெச்சிகினு இருந்தா அப்பாலிக்கா அது தானா பெரிசாயிடுது, இல்ல?" என்பாள். குரல் உயராது. சமையல் குறிப்பு சொல்கிற குரலில் திட்டுவாள்.

இதைக் கேட்க ஒரே ஒரு நேயர் இருந்தார். ஜெகதீசன். அதே பெஞ்சில், அதே மருந்தை இழுத்துவிட்டு, அதே கால் மணி நேரத்துக்காகக் காத்திருப்பவர். ஆலையில் பராமரிப்புப் பகுதி ஃபிட்டர். "இன்னா டிரைவரம்மா, தலைப்புச் செய்தி முடிஞ்சுதா? வானிலை அறிக்கைக்கு வா" என்பார்.

வானிலை அறிக்கை என்பது மணலிப் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் உயரக் குழாய் உச்சியில் இரவும் பகலும் எரியும் தீக்கொழுந்து. அது மேற்கே சாய்ந்தால் கடல் காற்று. காத்திவாக்கம் வரை தாராளமாக ஓடலாம். கிழக்கே சாய்ந்தால் புகையெல்லாம் தலைமேல் வருகிறது என்று அர்த்தம்; தெற்கே திரும்பிக் காசிமேட்டுப் பக்கம் ஓட வேண்டும். அங்கே மீன் நாற்றம். "கருவாட்டு நாத்தம் எவ்ளோவோ மேலு. அது மூக்கோட நின்னுக்கும், மாருக்குள்ள எறங்காது" என்பது யசோதராவின் தீர்ப்பு. ஒருமுறை ஒரு டாக்டர், காற்று சுத்தமாக இருக்கிற இடமாகப் பார்த்து ஓடச் சொன்னார். "அந்த எடத்த ஒரு டப்பால போட்டு குட்த்தனுப்பு சார். இங்க வெச்சிகினு ஓட்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வயது முப்பத்தாறு. வியாசர்பாடி அடுக்குக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வீடு. அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் மகளும் உடன் இருக்கிறார்கள். மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். வண்டியில் ஹாரன் இருக்கிறது, அவள் அடிப்பதில்லை. "ஓரம், ஓரம், ஓரம்" என்று வாயாலேயே சொல்லிக்கொண்டு போவாள். முட்டை அடுக்கிய தட்டை இரண்டாள் உயரத்துக்குத் தூக்கி வைத்தாலும் ஒரு முட்டைகூட விரிசல் விடாது என்று ஜெகதீசன் புதிதாக வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வார், ஏதோ அவரே ஓட்டுவதுபோல.

ஓட ஆரம்பித்தது முப்பது வயதில். ஏப்ரல் பதினாலாம் தேதி பகுதி இளைஞர்கள் வருடா வருடம் நடத்தும் ஓட்டத்தில், பெண்கள் பிரிவில் ஆள் குறைகிறது என்று பிடித்து நிறுத்தினார்கள். சுடிதாரும் ரப்பர் செருப்புமாக ஓடி மூன்றாவதாக வந்தாள். வந்த பிறகுதான் நெஞ்சுக்குள் விசில் கேட்டது. எவர்சில்வர் குடம் வாங்கிக்கொண்டு நிற்க முடியாமல் குடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சும்மா இருந்தால் ஒன்றுமில்லை, ஓடினால் மட்டும் மூச்சுக்குழாய் சுருங்கிக்கொள்கிற வகை ஆஸ்துமா என்றார்கள். முதல் டாக்டர் சொன்ன வைத்தியம்: ஓடாதீர்கள், சரியாகிவிடும்.

"கண்ணு தெரில சார்னா, பாக்காத, சரியா பூடும்ன்ற மாரி கீது."

இரண்டாவது டாக்டர் நல்லவர். இரண்டு பம்பு எழுதிக் கொடுத்தார். காப்பிக் கலரில் ஒன்று, தினமும் காலை இரவு. நெஞ்சுக்குள் வீக்கம் வராமல் காக்க. நீலத்தில் ஒன்று, ஓடுவதற்குக் கால் மணி முன்னால், குழாய் விரிய. ஓட வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. மெதுவாக ஆரம்பியுங்கள், உடம்பு சூடான பிறகு வேகம் எடுங்கள், பம்பு இடுப்பிலேயே இருக்கட்டும் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக யசோதரா ஒவ்வொரு பொங்கலுக்கும் அவருக்குக் கரும்பு கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

ஜெகதீசனை அவள் சந்தித்தது ஆலை மருந்தகத்தின் வரிசையில். இருவர் கையிலும் காலிப் பம்பு. "உனுக்குமா?" என்று கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான் அறிமுகம். அவர் ஓடும்போது இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும். கழற்றி வைக்கச் சொன்னால், "அது இல்லாட்டி நான் வர்றது நாய்க்கெல்லாம் தெரியாது" என்பார். அவர்களுக்குள் ஒரே சட்டம். யாருக்கு முதலில் விசில் வருகிறதோ, இரண்டு பேரும் நடக்க வேண்டும். யார் யாருக்காக அதிகம் நடந்தார்கள் என்று அவர்கள் கணக்குப் பார்த்ததில்லை.

கடைசி மூன்று வாரம் ஜெகதீசனுக்கு முதல் ஷிஃப்ட். ஆறு மணிக்கு ஆலைக்குள் இருக்க வேண்டும் என்பதால் இருட்டோடு தனியாக ஓடிவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு ஞாயிறும் அவருக்குத்தான் முதலில் விசில் வந்தது. மருந்தை வீட்டிலேயே போட்டாச்சு, இது மணலிக் காற்று என்றார். மூன்றாவது ஞாயிறு வரவில்லை. செவ்வாய்க்கிழமை விழுந்துவிட்டார்.

ஜெகதீசனின் வீடு திருவொற்றியூரில் ஆட்டோ நுழையாத ஒரு சந்துக்குள். சாமியானா போட இடமில்லாமல் பாதியை எதிர்வீட்டுக் கம்பியில் கட்டியிருந்தார்கள். ஆலையிலிருந்து வெல்ஃபேர் ஆபீசர் கிருஷ்ணப்பன் பெரிய மாலையோடு வந்தார். மாலையை வைத்தார், கண்ணைத் துடைத்தார், நாற்காலியில் உட்கார்ந்து, கூடியிருந்தவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"தங்கமான மனுஷன். சொன்னா கேட்டாத்தானே? ஆஸ்துமாவ வச்சுக்கிட்டு ஓட்டம் எதுக்குங்கிறேன். உடம்புக்கு எது ஒத்துக்குமோ அதத்தானே செய்யணும்? ஓட்டம்தாங்க கொண்டுபோயிடுச்சு."

டீ கொடுத்துக்கொண்டிருந்தவர் தலையாட்டினார். அடுத்து வந்தவருக்கு டீயோடு சேர்த்து அதையே சொன்னார். பிணத்தை எடுப்பதற்குள் சந்து முழுவதும் அதுதான் பேச்சு. ஓடிச் செத்தவன். வேண்டாத வேலை பார்த்துச் செத்தவன். ஏதோ திருட்டுத்தனம் செய்யப்போய் மாட்டிக்கொண்டவரைப் போலப் பேசினார்கள். யசோதரா ஓட்டக்கார ஷூவோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த ஷூவைப் பார்த்தார்கள்.

அம்முவும் பார்த்தாள். ஜெகதீசனின் மனைவி. சுவரோரம் சாய்ந்து, அழுது முடித்த கண்ணோடு, "நீயும் தானேக்கா கூட ஓடுவ" என்றாள். பழி சொல்கிற குரல் இல்லை. ஏன் உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கேட்கிற குரல். யசோதரா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு வேள கூட மாத்திர போடாம இருந்ததில்லக்கா அவரு. டீயோட போட்டுகினுதான் கெளம்புவாரு. பம்ப மாத்திரயா மாத்திட்டானுங்க அம்மு, சயின்ஸு எங்கியோ பூட்ச்சினு சிரிப்பாரு."

"இன்னா மாத்திர?"

அம்மு எழுந்து போய் டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்து வந்தாள். ஆலை மருந்தகத்தில் எல்லா மாத்திரைக்கும் கொடுக்கிற அதே பழுப்புக் கவர். மேலே பேனாவால் 'காலை 1, இரவு 1'. இன்னொரு கவரில் 'தேவைக்கு 1'. உள்ளே கண்ணாடிபோல் தெளிந்த ஓடும், அதற்குள் கொஞ்சம் வெள்ளைப் பொடியுமாக கேப்ஸ்யூல்கள்.

யசோதராவுக்கு இந்த மாற்றம் தெரியாது. அவள் வீட்டு பீரோவில் எப்போதும் இரண்டு பம்பு அதிகமாக இருக்கும். எவனையும் நம்பக் கூடாது என்பது அவள் கொள்கை. அதனால் அந்த மாதம் மருந்தகத்துப் பக்கமே போகவில்லை. ஒரு கேப்ஸ்யூலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். சுடுகாடு வரை போய்விட்டு, அப்படியே பஸ் ஏறி ராயபுரத்தில் இறங்கினாள்.

அங்கேதான் பெனிஷாவின் மருந்துக்கடை. நாசரேத் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். தேங்காய்போல ஆட்டாதீர்கள் என்று சொன்ன பெண் இவள்தான். கேப்ஸ்யூலை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"எக்கா, இது முழுங்குறதுக்கு உள்ளது இல்லக்கா. இதுக்குன்னு சின்னதா பிளாஸ்டிக் மெஷின் இருக்கு. அதுல போட்டு, குத்தி, வாயில வச்சி உறிஞ்சணும். பவுடரு நெஞ்சுக்குப் போணும்லா?"

"முழுங்கினா?"

"வயித்துக்குப் போவும். ஒண்ணும் செய்யாதுக்கா. நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது."

"கெட்டதும் செய்யாதா?"

பெனிஷாவுக்கு நடந்தது தெரியாது. யசோதரா சொன்னாள். பெனிஷா கவுன்டருக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தவரை, "கொஞ்சம் நில்லுங்கண்ணே" என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு மெஷினை எடுத்து வந்தாள். கட்டைவிரல் அளவு, மூடியைத் திறந்து, கேப்ஸ்யூலைப் போட்டு, பக்கத்துப் பொத்தான்களை அழுத்தினால் ஓட்டில் துளை விழும். அப்புறம் இழுக்க வேண்டும். யசோதரா பழகின பழக்கத்தில் நிதானமாக இழுத்தாள். ஒன்றும் வரவில்லை.

"பம்புக்குத்தான்க்கா மெதுவா. இது வேகமா, ஒரே இழுப்பு. உள்ள கேப்ஸ்யூல் கிர்ருனு சுத்துற சத்தம் கேக்கணும். கேக்கலேன்னா மருந்து போகலேன்னு அர்த்தம்."

இரண்டாம் முறை கிர் என்றது. தொண்டையில் மாவு அப்பிக்கொண்டு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு யசோதரா கேட்டாள்: "வேகமா இழுக்க மூச்சு இருந்தா, நான் ஏம்மா இந்த சனியன வாயில வெக்கப் போறேன்?"

"அதுக்காகத்தான் அவசரத்துக்கு ஒரு பம்பும் கையில இருக்கணும்ங்கிறது. ஓடுறவங்களுக்குக் கண்டிப்பா. டாக்டர்ட்ட சொல்லி எழுதி வாங்குங்கக்கா. பம்ப வாங்கிக்கிட்டு இத மட்டும் குடுக்கதுன்னா..." பெனிஷா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மெஷினுக்குக் காசு வாங்கவும் இல்லை.

மறுநாள் ஆலை அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் தொங்கின. ஒன்றில் ஜெகதீசனின் படம், கறுப்புக் கட்டத்துக்குள். இன்னொன்றில், சுவாசக் கோளாறு உள்ள ஊழியர்கள் நலன் கருதி ஆலையின் ஓட்டக் குழுவிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள் என்ற அறிவிப்பு. கீழே கிருஷ்ணப்பனின் கையெழுத்து. விடுவிக்கப்படுகிறவர்களில் உயிரோடு மிச்சம் இருந்தது யசோதரா ஒருத்திதான். படித்துவிட்டு அவள் நேரே கேன்டீனுக்குப் போனாள்.

டீ நேரம். பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். முதலில் யாரும் திரும்பவில்லை. தட்டை எடுத்துத் தூணில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பம்புக்குப் பதிலா கேப்ஸூலு வாங்கிகினு கீறவன் எவன் எவன்? கைய தூக்கு."

ஒன்று, இரண்டு, ஐந்து என்று கைகள் எழுந்தன. பெயின்ட் பகுதியில் மூன்று பேர், வார்ப்புப் பகுதியில் சிலர், வெல்டிங்கில் அய்யாத்துரை.

"அத்த முழுங்குறவன் எவன்?"

ஒரு கைகூட இறங்கவில்லை. அய்யாத்துரை மட்டும் வாய் திறந்தார். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிற மனிதர், தூத்துக்குடிப் பக்கம். "முழுங்காம என்ன தாயி செய்ய? நெத்தியில பொட்டா வச்சிக்கிடவா?"

கேன்டீன் சிரித்தது. ரோஷன் சிரிக்கவில்லை. யசோதரா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு பையிலிருந்து மெஷினை எடுத்து, பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு கேப்ஸ்யூல் வாங்கிப் போட்டு, அழுத்தி, எல்லோர் எதிரிலும் இழுத்தாள். அமைதியாக இருந்ததால் கிர் என்ற சத்தம் கடைசி மேசை வரை கேட்டது.

"இப்டி இழுக்கணும். ஜெகாண்ணன் மூணு வாரமா முழுங்கிகினு இருந்தாரு. மருந்து போட்டுகினோம்னு நெனச்சிகினு ஓடினாரு. ஓடி சாவல அவரு. மருந்து இல்லாம செத்தாரு."

அய்யாத்துரை டம்ளரைக் கீழே வைத்தார். இடது கையில் அன்றைய கேப்ஸ்யூல் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மாசம் மாடி ஏற முடியல. வயசாயிட்டுன்னு நெனச்சேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

கூட்டமாகப் போனால் கலவரம் என்பார்கள் என்று யசோதரா தனியாகத்தான் மருந்தகத்துக்குப் போனாள். அய்யாத்துரை மட்டும் பின்னாலேயே மெதுவாக வந்தார். கம்பவுண்டர் அன்புமணி கவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மெஷின் எங்க?"

"இன்னும் வரலம்மா. வந்தா குடுப்பேன்."

"மெஷின் வரல, மருந்து மட்டும் எதுக்கு குட்த்த?"

"பம்பு சப்ளை நின்னுடுச்சு. புது கான்ட்ராக்ட். இதக் குடுன்னு வந்துச்சு, குடுத்தேன்."

"கவருல முழுங்காதனு எழுத இன்னா நைனா, எவ்ளோ மை ஆயிடும் உனுக்கு?"

அன்புமணி பேனாவை மூடினார். திறந்தார். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. அதுதான் யசோதராவுக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். "மெஷின் பெட்டி ஆலைக்குள்ள வந்தாச்சும்மா" என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஸ்டோர்ஸ்ல நிக்குது. மூணு தடவ கேட்டுட்டேன்."

மருந்து நேரே மருந்தகத்துக்கு வந்துவிட்டது. மெஷின் பிளாஸ்டிக். அந்த ஆலையின் கேட்டுக்குள் நுழையும் பிளாஸ்டிக் சாமான் எதுவானாலும் ஸ்டோர்ஸில் இறக்கி, அதன் வரைபடத்தோடு அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டித்தான் வெளியே விட வேண்டும். பம்பர் கிளிப்புக்கும் விளக்கு மூடிக்கும் போட்ட விதி. மெஷினுக்கு வரைபடம் இல்லை. அளக்க முடியாததால் பாஸ் ஆகவில்லை. பாஸ் ஆகாததைத் திருப்பி அனுப்பவும் இல்லை. மஞ்சள் கோட்டுக்குள் பலகைமேல் பெட்டியாக உட்கார்ந்திருந்தது, மேலே 'பரிசோதனைக்காகக் காத்திருக்கிறது' என்ற அட்டையோடு.

ஸ்டோர்ஸ் கிளார்க் இதைப் பொறுமையாகத்தான் விளக்கினார். "டிராயிங் நம்பர் இல்லாம எப்படிம்மா எடுத்துக் குடுக்கிறது? நாளைக்கு என்னத்தானே கேப்பாங்க?"

"ஜெகாண்ணனுக்கு டிராயிங் நம்பரு கீதா? அவரு எப்டி பாஸ் ஆயி வெளிய போனாரு?"

கிளார்க் வாய் திறப்பதற்குள் யசோதரா ஃபோர்க்லிஃப்டில் ஏறிவிட்டாள். முள்கரண்டி போன்ற இரண்டு இரும்புக் கைகளையும் பலகைக்கு அடியில் செருகினாள். பெட்டி ஒரு சாண் உயர்ந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டியது. கிளார்க், "யம்மா, யம்மா" என்று கூடவே நடந்தார், தடுக்கவில்லை. அன்றைக்கு அவள் 'ஓரம்' சொல்லவில்லை. ஆட்கள் தாமாகவே ஒதுங்கினார்கள்.

மருந்தக வாசலில் பெட்டியை இறக்கும்போது கிருஷ்ணப்பன் நிர்வாகக் கட்டடத்திலிருந்து ஓடி வந்தார். பாதி வழியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றார்.

"பாத்து சார். ஓடாதீங்க. ஓட்டம் கொண்டுபூடும்."

"யசோதரா, இது ஒழுங்கீனம். அனுமதியில்லாம ஸ்டோர்ஸ் சரக்க எடுத்திருக்கீங்க. மெமோ வரும்."

"குடு சார். தமிழ்ல குடு, எங்க அம்மாவும் படிக்கட்டும். அப்டியே இன்னொண்ணும் எழுது. போர்டுல ஓட்டக் குழுவுலேந்து எடுத்துட்டேனு போட்டுகீறியே, அதுக்குக் கீழ எழுது, அவரு எதால செத்தாருனு."

"அத டாக்டர் சொல்லணும்."

"செத்த வூட்ல குந்திகினு நீதானே சொன்ன? டாக்டரா சொன்னாரு?"

கிருஷ்ணப்பன் சுற்றிப் பார்த்தார். கேன்டீனில் கை தூக்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றிருந்தார்கள். இரண்டு பேருடைய நெஞ்சிலிருந்து வந்த விசில் மட்டும் கேட்டது. அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க சார், இங்கதான் சார்" என்று சொல்லியபடி வந்த வழியே நடந்தார். திரும்பும்போது ஓடவில்லை.

அன்புமணி கத்தரிக்கோலைக் கொண்டுவந்து பெட்டியைக் கிழித்தார். உள்ளே மெஷின்கள் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் உறையில். ஒவ்வொன்றோடும் எறும்பு எழுத்தில் ஆங்கிலத் தாள் ஒன்று. யசோதரா மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த மூன்று பேரும் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவர் ஊதினார். "ஊதாத மாமு, அது இன்னா பீப்பியா?" என்றான் ரோஷன். அய்யாத்துரைக்கு நாலாவது முறைதான் கிர் என்றது. சத்தம் வந்ததும் சின்னப் பிள்ளைபோல நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "எழுதிப் போடு தாயி. ராத்திரி ஷிஃப்ட்டுக்காரன் வருவான், அவனுக்கு யாரு சொல்லுவா?" என்றார்.

தாள் தேடினால் கிடைக்கவில்லை. தாளென்றால் யாராவது கிழித்தும் விடுவார்கள். பெட்டிமேல் நம்பர் போடுகிற தடித்த பேனா கிளார்க்கின் சட்டைப் பையில் இருந்தது. அவரே எடுத்து நீட்டினார். மருந்தகத்தின் வெள்ளைச் சுவரில், வரிசை நிற்கிற இடத்தில், கண்ணுக்கு நேராக யசோதரா எழுத ஆரம்பித்தாள். எழுத்து பெரியது, கொஞ்சம் கோணல்.

மெமோ வந்துவிட்டது, ஆங்கிலத்தில்தான். அறிவிப்புப் பலகையில் ஓட்டக் குழுவிலிருந்து விடுவிக்கும் தாளும் இன்னும் தொங்குகிறது. காலையில் யசோதரா இடுப்புப் பையில் ஒரு பம்போடு ஓடத்தான் செய்கிறாள். டீக்கடைக்காரர், அவள் அந்தக் கால் மணி நேரமும் இப்போதெல்லாம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்கிறார். அம்முவிடம் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள். அம்மு இரண்டு கவர்களையும் எடுத்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மருந்தகச் சுவரில் அன்றைக்கு எழுதியது அப்படியே இருக்கிறது. ஒன்று, முழுங்காதே. இரண்டு, மெஷினில் போட்டு மூடு. மூன்று, ரெண்டு பக்கமும் அழுத்திக் குத்து. நான்கு, மூச்சை முழுசா வெளியே விட்டு, வாயில் வைத்து வேகமா இழு. ஐந்து, மூச்சைப் பிடி. அவசரத்துக்கு ஒரு பம்பும் கையில் வை என்று எழுத, ஆறு என்று எண் போட்டுப் பக்கத்தில் புள்ளி வைத்தபோது இரண்டாம் ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. சரக்கு ஏற்ற லாரி நிற்கிறது என்று ஆள் வந்து கூப்பிட்டதால் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆறாவது வரி இன்னும் எழுதப்படவில்லை.